பதினோராவது பிரதி

அத்தியாயம் 7

"ஒன்பது வீடு, சாகேப். ஒன்பது வீட்லயும் பெரியவர் போட்டோவுக்கு மாலை, அதுக்குக் கீழ 'சௌதாகர்' பத்திரிகைக் கட்டு. துக்கம் கேக்க வந்திருக்கேன்னு நெனச்சு எல்லாரும் டீ குடுக்குறாங்க. வயிறு பூரா டீ. ஆகஸ்ட் எழுபத்திரண்டு இதழ் மட்டும் இல்ல."

ஜர்ணா வோரா குடையை மூலையில் எறிந்தாள். வெளியே பம்பாய் தோபி தலாவில் ஜூலை மழை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகம் ஓர் இரானி ஹோட்டலுக்கு மேல்மாடி. கதவில் 'மாதவ் கார்கானிஸ், துப்பறிபவர்' என்று எழுதியிருக்கும். உதவியாளர் பெயரையும் எழுதச் சொல்லி ஜர்ணா ஒன்றரை வருடமாகக் கேட்கிறாள். இன்னும் எழுதவில்லை.

எதிர் நாற்காலியில் கொண்டிபா ஷெலார் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். நேராக உட்கார அவரால் முடியாது. மூத்திரப் பையில் புற்று. அறுத்து எடுத்துவிட்டு, சட்டைக்கு அடியில் ஒரு ரப்பர்ப் பையைப் பொருத்தியிருந்தார்கள். பத்மரங் சாயக் கம்பெனியில் பதினான்கு வருடம் அவர் கையால் அள்ளிக் கொட்டிய 'பேஸ்' என்ற சாய மூலப் பொடிதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அதை மறுக்கவில்லை. அதைவிடச் சுலபமாக ஒன்று சொன்னது. இந்த ஆள் எங்கள் ஆலைக்குள் வேலை பார்த்ததே இல்லை, வாசலில் லாரி ஏற்றிய காண்ட்ராக்ட் கூலி. வருகைப் பதிவேடு? வெள்ளத்தில் போய்விட்டது.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வெள்ளிக்கிழமை கடைசி வாய்தா. இன்று புதன்.

"காகா, இன்னொரு தடவை சொல்லுங்க. விளம்பரத்துல என்ன இருந்துச்சு?" என்றாள் ஜர்ணா. கொண்டிபா அவளுக்குக் காகா, அதாவது சித்தப்பா முறை.

"கம்பெனிக்குப் பத்து வயசு ஆனதுக்கு சௌதாகர்ல பெருசா குடுத்தாங்க. வருசம் பூரா ஒருநாள்கூட லீவு போடாத மூணு பேருக்கு முதலாளி கையால கடிகாரம். போட்டோ புடிச்சாங்க. கீழ எங்க பேரு, செக்சன் பேரு எல்லாம் போட்டிருக்குன்னு சூப்பர்வைசர் சொன்னார். அவர் மேசையில தூரத்துலேர்ந்து பாத்ததுதான். எந்தப் பக்கம், என்ன எழுதியிருந்தான், ஒண்ணும் தெரியாது. எனக்குக் குஜராத்தி வராது."

"லீவே போடாததுக்குப் பரிசு குடுத்தான். இப்ப அதே ஆளு வேலைக்கே வரலங்கிறான். எல்லாக் கலர்லயும் சாயம் செஞ்சான், மூஞ்சி சிவக்கிற கலர்தான் அவனுக்கு வரல," என்றாள் ஜர்ணா.

கொண்டிபா சிரித்தார். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும். சட்டை மேல் கையை வைத்துக்கொண்டார்.

சௌதாகர் என்ற குஜராத்தி வணிகப் பத்திரிகையின் முழுத் தொகுதி நூலகங்களில் இருக்கிறது. பிரயோஜனம் இல்லை. பைண்டர்கள் அட்டையையும் விளம்பரங்களையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தைப்பார்கள். தடிமன் குறையும், நூல் மிச்சம். தலையங்கம் தோல் அட்டைக்குள் போகும், விளம்பரம் பொட்டலக் கடைக்குப் போகும். பத்திரிகை நின்று பதினேழு வருடம் ஆகிறது. ஆகவே வீடுகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் சேகரிப்பாளர்களின் பீரோக்களிலும் கிடக்கும் உதிரிப் பிரதிகள்தான் மிச்சம்.

அவற்றிலும் அந்த ஓர் இதழ் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு அதன் பிரதிகளைத் தேடி வாங்கியவன் நான்.

சியாவக்ஷ் பாதேனா என்ற பார்ஸிக் கிழவர் வந்தார். என் சேகரிப்பில் இந்த ஒன்று குறைகிறது, தேடிக் கொடு என்றார். கொடுத்தேன். இன்னொன்று வேண்டும் என்றார். கொடுத்தேன். அட்டை போனது, எலி கடித்தது, எண்ணெய் குடித்தது, எதுவானாலும் சரி என்றார். நான்கு மாதத்தில் பதினொரு பிரதிகள். சேகரிப்பாளன் நல்ல பிரதியைத்தான் கேட்பான். இருக்கிற எல்லாப் பிரதியையும் கேட்பவனுக்கு வேறு ஏதோ வேலை இருக்கிறது. ஐந்தாவது பிரதியிலேயே இது எனக்குப் புரிந்தது. ஆறாவதைத் தேடப் போனேன்.

கொண்டிபா வந்த அன்றே பாதேனாவுக்குப் போன் செய்தேன். "எல்லாம் கம்பெனிக்குக் குடுத்தாச்சு, அவங்க கொளுத்தியாச்சு," என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரே வழிதான் இருந்தது. என் கண்ணில் படாமல் தப்பிய பன்னிரண்டாவது பிரதி எங்காவது கிடக்க வேண்டும். என்னை அறிந்த வீடுகளுக்கு நான் போனேன். அறியாத வீடுகளுக்கு ஜர்ணாவை அனுப்பினேன். கொண்டிபாவிடம் கட்டணம் வாங்கவில்லை. அதற்காக அவர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அந்தப் பத்து நாளில் எனக்குச் சகிக்கவில்லை.

போன் அடித்தது. ஜர்ணா எடுத்தாள். கேட்டாள். வைத்தாள்.

"கிர்காவ் மூல்ஜிபாய். ஆகஸ்ட் எழுபத்திரண்டு அவர் கடைக்கு வந்திருக்காம்."

கொண்டிபா எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க இருங்க காகா. கீழ சொல்லிட்டுப் போறேன், வெண்ணெய் தடவின பன் மஸ்கா வரும். நான் குடிச்ச டீயில பாதியாவது நீங்க குடிங்க."

*

மூல்ஜி காலாவின் பழைய பேப்பர் கடையில் நின்றால் முழங்கால் வரை அச்சடித்த தாள். தராசுக்குப் பின்னால் மூல்ஜி, தராசுக்கு முன்னால் நனைந்த மாடு ஒன்று.

"வாங்க ஜர்ணாபேன். இந்த வாரம் என் கடையில நீங்களும் இந்த மாடும்தான் பேப்பரை மோந்து பாக்குறீங்க."

"மாடு தின்னுட்டாவது போகும். நான் படிச்சுட்டு வெச்சிடுவேன். எங்க?"

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டையில் நெசவாலைப் புகைபோக்கிகள், ஆகஸ்ட் 1972. ஜர்ணா கை நீட்டுவதற்குள் நான் வாங்கினேன். நடுவில் பிரித்தேன்.

இருபத்திநான்காம் பக்கம். அடுத்த பக்கம் இருபத்தொன்பது.

நடுவில் நான்கு பக்கங்கள் இல்லை.

ஜர்ணா பத்திரிகையை என் கையிலிருந்து எடுத்து, பக்க எண்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தராசின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐம்பத்தெட்டுக் கிலோ," என்றார் மூல்ஜி.

"விரக்தியையும் சேத்து நிறுத்தீங்களா?" அவள் பத்திரிகையை முகத்தருகே கொண்டுபோனாள். "இருங்க. இது என்ன பின்னு?"

பம்பாயில் ஒரு மழைக்காலம் பார்த்த பத்திரிகையின் நடுமுதுகில் துருக்கறை இருக்கும். இதிலும் தாளில் பழுப்பாக இரண்டு கறை. ஆனால் கறையின் மேல் பின் மஞ்சளாக மின்னியது. பித்தளைக் கம்பி. பழைய துருப்பிடித்த பின்னைக் கழற்றி, தாள் கிழியாமல் நான்கு பக்கத்தை எடுத்து, அதே ஓட்டையில் பித்தளைக் கம்பியைக் கோத்து மடித்திருந்தார்கள்.

"பக்கத்தை எடுத்தவன் வேணும்னுதான் எடுத்திருக்கான்," என்றாள். "ஆனா வெறுத்து எடுக்கல. கொளுத்தப் போறவன் யாராவது பித்தளைக் கம்பி போடுவானா? ஜேப்படிக்காரன் பர்ஸை உருவிட்டு, சட்டைப் பைக்குப் பொத்தான் தெச்சுக் குடுத்த மாதிரி இருக்கு."

தாள்களை விசிறினாள். நகத்தளவு மரச்சீவல் ஒன்று மடியில் விழுந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

"பூச்சிக்கு நாம வேப்பிலை வெப்போம், மூல்ஜிபாய் ஒண்ணும் வெக்க மாட்டார். சந்தனக் கட்டையைச் சீவி வெக்கிற வீடு எது? தீக்கோயிலுக்கு வாங்கினதுல மிச்சம். பாவா வீடு. பார்ஸி. மூல்ஜிபாய், யார் குடுத்தாங்க?"

"விக்கல, மாத்திக்கிட்டாங்க. ஒரு டாக்ஸிக்காரன் கவர்ல கொண்டாந்தான். உள்ள சீட்டு. இதுக்குப் பதிலா அறுபத்தாறு மார்ச் இதழ் வேணும்னு. எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு குடுத்தனுப்பினேன்."

இதற்குள் என் கண் பின்னட்டைக்குப் போயிருந்தது. சந்தாதாரர் சீட்டு பாதி கிழிந்திருந்தது, எண் தெரிந்தது. 4417. வில்லே பார்லேயில் ஒரு விதவையிடம் நான் வாங்கிய பிரதி. தன் கணவர் பங்கு விலையை இதில் பென்சிலால் வட்டமிடுவார் என்று அந்த அம்மாள் காட்டினாள். பென்சில் வட்டங்களும் இருந்தன.

பாதேனா எல்லாவற்றையும் கம்பெனிக்குக் கொடுத்துவிடவில்லை. என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

இதை நான் அங்கேயே ஜர்ணாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த இன்னொரு அறுபத்தாறைக் குடுங்க," என்றாள் ஜர்ணா.

தரையில் உட்கார்ந்து புரட்டினாள். சீலிங் ஃபேன் விளம்பரம், 'முன்பதிவு செய்தோர் மூன்றாம் ஆண்டில் பெறலாம்'. பங்குச் சந்தையில் ஒரு பெண்மணி பார்வையாளராக வந்துபோனது முக்கால் பக்கச் செய்தி. பருத்தி விலை. டெலிபோன் வந்துவிட்டதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சியுடன் அறிவிக்கும் ஓர் இரும்பு வியாபாரி.

"இதுல என்ன இருக்குன்னு ஒருத்தன் ஆகஸ்ட் எழுபத்திரண்டையே குடுத்து வாங்குவான்? கவர் ஸ்டோரி சணல். சணல் மேல யாருக்கும் இவ்வளவு ஆசை வராது." கடைசிப் பக்கங்களுக்கு வந்தாள். விரல் நின்றது. "கம்பெனிச் செயலாளர் தேர்வு முடிவு. முப்பத்தொரு பேர் பாஸ். சாகேப், மனுசன் பழைய பத்திரிகையில எதைத் தேடுவான்?"

அவளே பதிலும் சொன்னாள்.

"தன் பேரைத்தான் தேடுவான். முப்பத்தொண்ணுல பார்ஸிப் பேரு ரெண்டு. ஒரு அம்மா, கப்பல் கம்பெனி. இன்னொண்ணு..." அவள் சத்தமாக வாசித்தாள். "சி. எஃப். பாதேனா. பத்மரங் சாயக் கம்பெனி."

அவள் சாதாரணமாக இந்த இடத்தில் கை தட்டுவாள். என்னைப் பார்த்து, சம்பளத்தை ஏற்றுங்கள் என்பாள். இன்று டெலிபோன் டைரக்டரியை மட்டும் கேட்டாள். முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு டாக்ஸியை நிறுத்தினாள்.

*

தாதர் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியெல்லாம் தண்ணீர். பரேலில் கால் மணி நேரம் நின்றோம். மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் மழையைப் பற்றிச் சொன்னேன்.

பார்ஸி காலனியில் முதல் மாடி. கதவைத் திறந்தவருக்கு எழுபத்தாறு வயது இருக்கும். வெள்ளை மல் பனியன், தலையில் குல்லா. என்னைப் பார்த்தார்.

"வா கார்கானிஸ். உன் பன்னிரண்டாவது கிடைச்சிருச்சா?"

மூன்று வருடமாக மூடி வைத்தது வாசல்படியில் விழுந்தது. எனக்கு ஜர்ணாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஜர்ணா, நான் உங்கிட்ட ஒண்ணு..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மூல்ஜிபாய் கடையிலேர்ந்து. விளம்பரம் எந்தப் பக்கம்னு காகாவுக்கே தெரியாது. நீங்க அட்டையைத் திருப்பல, பொருளடக்கம் பாக்கல, நேரா நடுவுல பிரிச்சீங்க. ஏற்கெனவே பாத்தவன்தான் அப்படிப் பிரிப்பான். சொல்லுவீங்கன்னு தாதர் வரைக்கும் காத்திருந்தேன். மீட்டர்தான் ஏறிச்சு."

கடைசி வாக்கியம் கேலி. ஆனால் குரலில் கேலி இல்லை. கேலி இல்லாத ஜர்ணாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

பாதேனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள வாங்க. சண்டையை நின்னுக்கிட்டுப் போடாதீங்க."

கூடத்தில் சுவர் தெரியவில்லை. நான்கு பக்கமும் கண்ணாடி பீரோக்கள், உள்ளே முப்பது வருடச் சௌதாகர், வருடத்துக்கு ஒரு தட்டு. சந்தனமும் பழைய தாளும் சேர்ந்து கோயில் மாதிரி ஒரு வாசனை. கிழவர் மாவா கேக் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. ஜர்ணா தொட்டாள்.

"நல்லாயிருக்கு. பக்கம் எங்க?"

"எந்தப் பக்கம், தீக்ரி?"

"மகளேன்னு கூப்பிட்டா மறந்துட மாட்டேன். இருபத்தஞ்சுலேர்ந்து இருபத்தெட்டு."

அவர் பீரோக்கள் பக்கம் திரும்பினார். ஒரு பீரோவைத் திறந்து, ஒரு தட்டின் மேல் விரலை ஓட்டினார். "இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்கேன் தெரியுமா? முன்பக்கத்துல நாடு முன்னேறிட்டே இருக்கும். தலையங்கம் எழுதுறவன் மந்திரி கையைப் பாத்து எழுதுவான். விளம்பரத்தைப் பாரு. ஸ்கூட்டருக்கு எட்டு வருசம் காத்திரு. சிமெண்டுக்கு பர்மிட் கொண்டா. அதான் அந்தக் காலம். காசு குடுத்துப் போட்ட பக்கத்துலதான் தன்னை அறியாம உண்மையைச் சொல்லுவான்."

"பத்மரங்கும் சொல்லிச்சு," என்றாள் ஜர்ணா. "அதான் ஊர்லயே இல்லாம ஆக்கினான்."

பாதேனா உட்கார்ந்தார்.

"அவங்களுக்கு வேண்டியது விளம்பரம்தான். ஒவ்வொரு பிரதியிலயும் அந்த நாலு பக்கத்தை மட்டும் எடுத்துக் கொளுத்தக் குடுத்தேன். மிச்சம் எனக்கு. கையில பதினொரு டூப்ளிகேட் நின்னுபோச்சு. டூப்ளிகேட்டை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க எந்தச் சேகரிப்பாளனாலயும் முடியாது. அறுபத்தாறு மார்ச் ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன். ஒண்ணை மாத்திட்டேன். முட்டாள்தனம்."

"பதினொரு பிரதியிலயும் எடுத்துக் குடுத்துட்டீங்களா?" இது நான். நான் கேட்ட முதல் கேள்வி.

"பத்து குடுத்தேன். பத்துதான் கிடைச்சுதுன்னு சொன்னேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து வெண்ணெய்த்தாள் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்தார். அட்டையும் நடுப்பக்கமும் எல்லாம் சேர்ந்த முழுப் பிரதி.

படத்தில் மூன்று பேர் சட்டைப் பொத்தானை மேல் வரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் அவர்கள் கை மணிக்கட்டு வரை வேறு நிறம். எதிரே முதலாளி. அவருக்குப் பின்னால் மூன்று சுவர்க் கடிகாரங்களை மாரோடு அணைத்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர்.

"அது நான்," என்றார் பாதேனா. "என் படம் அச்சுல வந்தது அந்த ஒரு தடவைதான். பத்து தடவை என் கையால அந்தப் பக்கத்தை உருவினேன். பதினோராவது தடவை முடியல."

ஜர்ணா கீழே இருந்த வரிகளை வாசித்தாள். "வருடம் முழுதும் ஒருநாளும் விடுப்பு எடுக்காத எங்கள் பேஸ் பிரிவு வீரர்கள். இடமிருந்து கங்காராம் தோரஸ்கர், கொண்டிபா ஷெலார், லக்ஷ்மண் பாவ்டே." நிமிர்ந்தாள். "உங்க பேர் வந்ததைத் தேடி வாங்கிட்டீங்க. உங்க படம் வந்ததை வெண்ணெய்த்தாள்ல சுத்திட்டீங்க. இந்த மூணு பேர் வந்ததைத்தான் பத்து தடவை கொளுத்தக் குடுத்தீங்க. அழகா சேகரிக்கிறீங்க, பாவா."

கிழவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஊர்ல எங்கயும் இல்லாத இதழ் உங்க கையில மட்டும் எப்படி வந்துச்சுன்னு கம்பெனி வக்கீல் கேப்பான். போலின்னுவான். எங்க இருந்துச்சு, ஏன் வேற எங்கயும் இல்லைன்னு ஒரு ஆள் கூண்டுல ஏறிச் சொல்லணும். நான் ஏற மாட்டேன். அவங்க தர்ற பென்ஷன்லதான் என் மாத்திரை, என் பால், எல்லாம்."

"வேற யாரால சொல்ல முடியும்?" என்று கேட்டாள் ஜர்ணா.

அவர் என்னைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நான் யோசித்தேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்தது என்று எழுதிக் கொடுக்கலாம். மூல்ஜியும் ஆமாம் போடுவார். வக்கீல் நெருக்கினால் கதை கிழியும், கதையோடு கொண்டிபாவும். உண்மையைச் சொன்னால் கிழிவது நான். சாட்சியத்தை ஊரிலிருந்தே துடைத்து எடுக்கக் கூலி வாங்கினேன் என்று நானே சொல்ல வேண்டும். வழக்கு என் மேலும் வரலாம். வராவிட்டாலும், காணாமல் போன பூனையைத் தேடக்கூட இனி யாரும் மாடி ஏற மாட்டார்கள்.

"யோசிக்கிறீங்களா?" என்றாள்.

"யோசிச்சேன்."

"என்ன முடிவு?"

"டாக்ஸியைக் கூப்பிடு. கொண்டிபா காத்துட்டிருப்பார். முதல்ல அவர்கிட்ட சொல்லணும்."

*

ஐந்து மணிக்கு அலுவலகம் சேர்ந்தோம். கொண்டிபா அதே நாற்காலியில் ஒருக்களித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பன் மஸ்காவில் பாதி தட்டில் இருந்தது. எழுப்பினேன். பத்திரிகையை அவர் முன் விரித்தேன். அவர் பார்ப்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தேன், இல்லாவிட்டால் அவர் நன்றி சொல்லிவிடுவார் என்ற பயம்.

பாதேனா வந்தது, பதினொரு பிரதி, ஐந்தாவதில் புரிந்தது, ஆறாவதைத் தேடப் போனது, பத்து நாளாகச் சொல்லாதது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. எவ்வளவு சின்னக் கதை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொண்டிபா என்னைத் திட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் ஆளின் மேல் விரலை வைத்தார்.

"கங்காராம். போன தீபாவளிக்கு முந்தின நாள் போனான்." விரல் மூன்றாவது ஆளுக்குப் போனது. "லக்ஷ்மண். அதுக்கு முந்தின வருசம், மழைக்காலம். ரெண்டு பேருக்கும் எனக்கு வந்ததேதான். மூணு வருசம் முன்னாடின்னு சொன்னீங்க இல்ல, சாகேப்?"

"ஆமா."

"அப்ப மூணு பேரும் இருந்தோம். கேசு போடலாம்னு கங்காராம்தான் சொன்னான். கையில காயிதம் இல்லாம எந்த வக்கீலும் எடுக்கல."

மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் வைக்க வேண்டாம் என்று விழுங்கினேன்.

ஜர்ணா டைப்ரைட்டரின் உறையை எடுத்தாள். தாளைச் சொருகினாள். "வாக்குமூலம். சொல்லுங்க சாகேப். அடிக்கிறேன்."

"மாதவ் கார்கானிஸ் ஆகிய நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு நிமிசம்," என்றார் கொண்டிபா. அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜர்ணாவிடம்தான் பேசினார். "என் பேரு எப்படியும் கேசுல இருக்கு, தாயி. முதல்ல இவங்க ரெண்டு பேர் பேரைப் போடு. அவங்களுக்குன்னு வாய்தா கிடையாது."

ஜர்ணா இரண்டு பெயர்களையும் அடித்தாள். அடித்து முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள்.

நான் தொடர்ந்தேன்.